பவளம் எழுதிவைத்த நாள்கணக்கு

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது டெவன். 1834-ல் அந்தப் பகுதியின் பாறைகளை முன்வைத்து லண்டன் நிலவியல் கழகத்தில் ஒரு சண்டை மூண்டது. மிகப் பழையவை என்று எல்லோரும் கருதியிருந்த அடுக்குகளில் நிலக்கரிக் காலத்துச் செடிகளின் படிவங்கள் கிடைத்திருப்பதாக ஹென்றி டி லா பெஷ் என்ற நிலவியலாளர் தெரிவித்தார். இன்னொரு நிலவியலாளரான ராடரிக் மர்ச்சிசன் அந்த இடத்தைப் போய்ப் பார்க்காமலேயே மறுத்தார். செடி நிலக்கரிக் காலத்தது என்றால் பாறையும் அந்தக் காலத்ததுதான். டி லா பெஷ் போட்ட அடுக்கு வரிசைதான் பிழை என்பது அவர் கட்சி. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக்கும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். ஆளுக்கொரு வரைபடம், ஆளுக்கொரு கட்டுரை என்று விவகாரம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

முடிச்சு அவிழ வழி சொன்னவர் கழகத்தின் நூலகர். வில்லியம் லான்ஸ்டேல் என்பது அவர் பெயர். இளமையில் படையில் இருந்தவர், வாட்டர்லூ போரில் கலந்துகொண்டவர். அதற்குப் பிறகு வாளை வைத்துவிட்டுப் புதைபடிவங்களைக் கையில் எடுத்தவர். தெற்கு டெவன் சுண்ணாம்புப்பாறைகளிலிருந்து வந்த பவளப் படிவங்களை 1837 வாக்கில் அவர் வரிசைப்படுத்திப் பார்த்தார். சில, மர்ச்சிசன் ஏற்கெனவே விவரித்திருந்த சிலூரியன் காலப் பவளங்களைப் போல இருந்தன. சில, அதற்கு வெகு பின்னால் வந்த கார்பனிஃபெரஸ், அதாவது நிலக்கரிக் காலப் பவளங்களைப் போல இருந்தன. மற்றவை இரண்டிலும் சேரவில்லை. அப்படியானால் இந்தப் பாறை இரண்டுக்கும் நடுவிலுள்ள காலத்தில் உருவாகியிருக்க வேண்டும் என்றார் லான்ஸ்டேல். இந்த யோசனையை முதலில் ஏற்கத் தயங்கிய மர்ச்சிசனும் செட்ஜ்விக்கும் 1839-ல் அதையே நிறுவி, அந்த நடுக்காலத்துக்கு டெவோனியன் என்று பெயர் சூட்டினார்கள். பெயரின் புகழ் அவர்களுக்குப் போனது. லான்ஸ்டேலின் பங்குக்குக் கிடைத்தது, பின்னாளில் ஒரு கார்பனிஃபெரஸ் பவளப் பேரினத்துக்கு வைக்கப்பட்ட லான்ஸ்டேலியா என்ற பெயர்.

இன்று எந்தப் பாடநூலிலும் டெவோனியன் ஏறத்தாழ 41.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது என்று எழுதியிருக்கும். லான்ஸ்டேலுக்கு இந்த எண்களில் ஒன்றுகூடத் தெரியாது. எது முந்தியது, எது பிந்தியது என்ற வரிசை மட்டும்தான் அவர் கையில் இருந்தது. எத்தனை ஆண்டு என்று யாராவது கேட்டிருந்தால் அந்தக் கழகத்தில் ஒருவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

வரிசை சொல்வதற்குப் பவளம் ஏன் உதவுகிறது? பவள உயிரி மெத்தென்ற சின்னப் பிராணி. அது தன் அடியில் சுண்ணாம்பால் ஒரு கிண்ணம் கட்டிக்கொண்டு அதில் உட்காருகிறது. கிண்ணத்துக்குள் நடுவை நோக்கிச் செங்குத்தாகத் தடுப்புச் சுவர்கள் எழும்பும். பிராணி செத்து அழுகிப் போனாலும் கிண்ணம் நிற்கும். அதைக் குறுக்கே அறுத்து மெருகேற்றினால் தடுப்புகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று தெளிவாகத் தெரியும். டெவோனியன் கடல்களில் வாழ்ந்த ருகோஸா என்ற கூட்டத்தில் தடுப்புகள் நான்கு பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். இன்றைய பவளத்திட்டுகளைக் கட்டும் ஸ்கிளெராக்டினியா கூட்டத்தில் ஆறின் மடங்காகக் கூடும். ருகோஸா பெர்மியன் காலத்தின் முடிவில், 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவில் அடியோடு மறைந்தது. ஸ்கிளெராக்டினியாவின் எலும்புக்கூடுகள் அதற்குச் சுமார் ஒரு கோடி ஆண்டுக்குப் பிறகுதான் பாறைகளில் தலைகாட்டுகின்றன. ஆகவே ஒரு பாறைத் துண்டில் நான்கு பக்க அமைப்புள்ள பவளம் இருந்தால், அந்தப் பாறை டைனோசர்களுக்கு முந்தியது என்று கையில் லென்ஸ் வைத்திருக்கும் கல்லூரி மாணவரே சொல்லிவிடலாம்.

இதைச் சோதித்துப் பார்க்கத் தமிழ்நாட்டிலேயே இடம் இருக்கிறது. திருச்சி மாவட்டக் கல்லக்குடி என்றதும் பலருக்கு 1953-ல் ரயில் நிலையப் பெயருக்காக நடந்த தண்டவாளப் போராட்டம் நினைவுக்கு வரும். அந்தப் பெயர்ச் சண்டைக்கே காரணமான சிமென்ட் ஆலை அங்கே வந்தது ஊரின் சுண்ணாம்புப்பாறையை நம்பித்தான். அந்தப் பாறையில் ஒரு பகுதி, கிரெட்டேஷியஸ் காலத்தில், அதாவது பத்துப் பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன், பவளமும் சுண்ணாம்புப் பாசியும் சேர்ந்து கட்டிய கடல்திட்டு. இந்தப் பகுதியின் பாறைகளை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி பிளான்ஃபோர்ட் வரைபடமாக்கினார். பவளங்களை விவரித்தவர் கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த மொராவியர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. அவருடைய அந்த விவரிப்பு 1873-ல் வெளியானது. மறு ஆண்டே லடாக்கில் ஒரு பயணத்தின்போது அவர் இறந்துபோனார். கல்லக்குடித் திட்டைக் கட்டியவை ஸ்கிளெராக்டினியா கூட்டத்துப் பவளங்கள். ருகோஸாவுக்கு அங்கே வேலையே இல்லை.

பவளத்தை வைத்து இன்னும் நுட்பமாகக் காலம் பிரிக்கவும் முயன்றார்கள். பிரிஸ்டல் நகருக்கு அருகே ஏவான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அடுக்கடுக்காகத் தெரியும் கார்பனிஃபெரஸ் சுண்ணாம்புப்பாறையை, பவளங்களையும் கைக்காலிச் சிப்பிகளையும் கொண்டு ஆர்தர் வான் 1905-ல் மண்டலங்களாக வகுத்தார். பிரிட்டன் முழுக்க அந்த வகுப்பு நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. ஆனால் பவளத்துக்கு ஒரு பலவீனம். தெளிந்த, இளஞ்சூடான, ஆழமில்லாத தண்ணீர் அதற்கு வேண்டும். சேறு வந்தால் போய்விடும். தெளிந்தால் திரும்பி வரும். ஓர் இடத்தில் ஒரு பவளம் திடீரென்று மறைந்தால் காலம் மாறியதா, கடல் கலங்கியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் இன்று டெவோனியன் காலத்தை நுணுக்கமாக வகுக்கும் பொறுப்பு கானோடான்ட் என்ற நுண்பற்களுக்கும், கடலில் நீந்தித் திரிந்த அம்மோனாய்டுகளுக்கும் போய்விட்டது. பவளத்துக்கு இது பதவியிறக்கம்தான்.

அதே பவளத்திடம் வேறொரு கணக்கு இருக்கலாம் என்று நினைத்தவர் ஜான் வெல்ஸ். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர். பல்கலைக்கழகம் இருக்கும் இத்தாக்கா ஊரே டெவோனியன் பாறைமேல்தான் நிற்கிறது. உயிருள்ள பவளங்களையும் அவருக்கு நன்றாகத் தெரியும். பிக்கினி முதலான மார்ஷல் தீவுகளின் பவளங்களை வகைப்படுத்தி 1954-ல் வெளியிட்டவர் அவர். இறந்த பவளத்தையும் உயிருள்ள பவளத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிற ஆள் என்பதால்தான் அந்த எண்ணம் அவருக்கு உதித்திருக்க வேண்டும்.

சில பவளங்களின் வெளிச்சுவரில் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு ஒன்று உண்டு. அதில் வளையம் வளையமாகத் தடித்த சுருக்கங்கள் தெரியும். சீன நிலவியலாளர் மா டிங்யிங் 1930-களிலேயே பழம்பவளங்களில் பருவத்துக்குப் பருவம் வளர்ச்சி மாறுவதைக் காட்டி, ஓராண்டு வளர்ச்சியை அடையாளம் காணலாம் என்று எழுதியிருந்தார். ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த ஆண்டுச் சுருக்கங்களுக்கு இடையே இன்னும் நுண்ணிய வரிகள் நெருக்கமாக ஓடுகின்றன. இவை எதன் பதிவு? வெல்ஸ் முதலில் மேற்கிந்தியத் தீவுக் கடலில் இன்றும் வாழும் மனிசினா என்ற பவளத்தை எடுத்து எண்ணினார். ஓராண்டு வளர்ச்சிக்குள் சுமார் 360 வரிகள் வந்தன. ஒரு நாளைக்கு ஒரு வரி என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள முடியும். பவளம் பகலிலும் இரவிலும் ஒரே வேகத்தில் சுண்ணாம்பு கட்டுவதில்லை.

அடுத்து நியூயார்க், ஒன்டாரியோ பகுதிகளின் நடு டெவோனியன் பவளங்கள். வெளிப்பூச்சு தேயாமல் கிடைத்தவை சொற்பமே. அவற்றில் எண்ணியபோது ஆண்டுக்கு 385 முதல் 410 வரை வரிகள் கிடைத்தன. சராசரி ஏறத்தாழ 400. அதற்குப் பிந்திய கார்பனிஃபெரஸ் பவளங்கள் இரண்டில் 385-உம் 390-உம் வந்தன. 1963 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் மூன்றே பக்கத்தில் இது வெளியானது.

ஆண்டுக்கு 400 நாள் என்றால், பூமி சூரியனைச் சுற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த நேரம் அநேகமாக மாறவே இல்லை. ஓர் ஆண்டுக்குச் சுமார் 8,766 மணி. அதை 400-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 22 மணிக்குச் சற்றுக் குறைவு. பூமி அப்போது தன்னைத்தானே இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வானியலாளர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கவில்லை. அவர்கள் வெகு காலமாகச் சொல்லிவந்ததுதான் இது. பழைய கிரகணக் குறிப்புகளோடு தம் காலத்துக் கணக்கு பொருந்தவில்லை என்று எட்மண்ட் ஹாலி 1695-லேயே கவனித்திருந்தார். கடல் ஓதம் பூமியின் சுழற்சியைத் தடுக்கும் என்று 1754-ல் எழுதினார் இமானுவேல் கான்ட், தத்துவத்தால் பெயர்பெறுவதற்கு வெகு முன்பு. சந்திரன் இழுப்பதால் கடலில் எழும் மேட்டை, பூமி தன் சுழற்சியில் சந்திரனுக்குச் சற்று முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது. அந்த மேட்டைச் சந்திரன் பின்னுக்கு இழுக்கிறது. சைக்கிள் சக்கரத்தில் உரசும் பிரேக் கட்டை போல, பூமியின் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. பூமி இழக்கும் சுழல் உந்தம் சந்திரனுக்குப் போய்ச் சேர்கிறது; சந்திரன் விலகிப் போகிறது. 1969-ல் அப்பல்லோ 11 வீரர்கள் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்மீது லேசர் பாய்ச்சி அளந்ததில், அது ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் தள்ளிப்போவது உறுதியாயிற்று.

நாள் நீள்வது நூறு ஆண்டுக்கு இரண்டு மில்லிவினாடி அளவுதான். அற்பமாகத் தோன்றும், ஆனால் சேர்ந்துகொண்டே போகும். கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததைக் களிமண் பலகைகள் பதிந்துவைத்திருக்கின்றன. பூமி இன்றைய வேகத்திலேயே எப்போதும் சுற்றியிருந்தால் அந்த நிழல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மேற்கே தள்ளி விழுந்திருக்கும். பாபிலோனியர்கள் அதைப் பார்த்தார்கள் என்பதே பூமி தளர்ந்துவருவதற்குச் சாட்சி.

வெல்ஸின் கட்டுரை எதனால் பெரிது என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பவள வரியை எண்ணிப் பாறையின் வயதைக் கண்டுபிடித்துவிட்டார் என்பதல்ல விஷயம். பாறைகளின் வயதை இயற்பியலாளர்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்கள்; யுரேனியம் ஈயமாகச் சிதையும் வேகத்தைக் கொண்டு. அதைச் சரிபார்க்கப் புதைபடிவ ஆய்வாளர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. சொன்னதை நம்ப வேண்டும், அவ்வளவுதான். வெல்ஸ் என்ன செய்தார் என்றால், பூமி தளரும் வேகத்தை வானியலாளர்களிடமும், டெவோனியனின் வயதை இயற்பியலாளர்களிடமும் வாங்கிக்கொண்டார். இரண்டும் சரியென்றால் டெவோனியன் ஆண்டில் சுமார் 400 நாள் இருந்திருக்க வேண்டும். பிறகு பவளத்தை எடுத்து எண்ணிப் பார்த்தார். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு அறிவியல்கள் சொன்ன எண்களுக்கு, அணுவும் வானமும் அறியாத ஒரு கடல்பிராணி சாட்சி சொன்னது.

அடுத்த ஆண்டே காலின் ஸ்க்ரட்டன் என்ற ஆங்கிலேயர் வேறு டெவோனியன் பவளங்களில் இன்னொரு பதிவைக் கண்டார். நாள்வரிகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்திருந்தன; ஒரு கட்டுக்குச் சராசரியாக 30.6 வரி. இது சந்திர மாதம் என்றார் அவர். 13 கட்டுகள் சேர்ந்தால் 398 வரி. வெல்ஸின் ஓராண்டுக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. இன்றைக்கு ஓர் ஆண்டில் 12-க்குச் சற்று அதிகமாகத்தான் சந்திர மாதம் கொள்ளும். அன்று 13. இன்றைய பவளங்கள் பலவும் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் முட்டையிடுவதை நினைத்துப் பார்த்தால், சந்திரனின் சுவடு அவற்றின் எலும்பில் விழுவது அப்படியொன்றும் நம்ப முடியாத சங்கதியல்ல.

சந்தேகப்பட இடம் இல்லையா? நிறையவே இருக்கிறது. வரிகள் மிக நெருக்கமானவை. எது ஒரு வரி, எது இரண்டு வரி சேர்ந்தது என்பது எண்ணுகிறவரின் கண்ணைப் பொறுத்தது. மேகம் மூடிய நாளில் பவளம் வரி போடாமல் விட்டிருக்கலாம். 400 வர வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு எண்ணினால் 400 வந்துவிடும் ஆபத்தும் உண்டு. நல்ல மாதிரிகளோ மிகக் குறைவு. வெல்ஸும் தம் எண்களை இறுதித் தீர்ப்பாக வைக்கவில்லை.

நாள்வரியைப் பற்றி இவ்வளவு சந்தேகம் இருந்தாலும், பவளத்தின் ஆண்டுவரிக்குக் கிடைத்த நிரூபணம் அசைக்க முடியாதது. அது கிடைத்த விதம்தான் கொடுமை. மார்ஷல் தீவுகளில் எனிவெட்டாக் பவளவளையத்தில் 1948 முதல் 1958 வரை அமெரிக்கா அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. வெடிப்பில் பறந்த கதிரியக்க ஸ்ட்ரான்ஷியம் கடலில் கலந்தது. கால்சியத்துக்கும் ஸ்ட்ரான்ஷியத்துக்கும் பெரிய வேறுபாடு தெரியாத பவளங்கள் அதையும் எலும்பில் சேர்த்துக் கட்டின. பின்னாளில் அந்தப் பவளங்களை மெல்லிய பலகையாக அறுத்து எக்ஸ்ரே எடுத்தபோது அடர்த்தியும் லேசுமான பட்டைகள் மாறிமாறித் தெரிந்தன. கதிரியக்கம் எந்தப் பட்டையில் இருக்கிறது என்று ஒளிப்படத் தகட்டில் பதிந்து, அங்கிருந்து வெளிவிளிம்புவரை பட்டைகளை எண்ணினார்கள். குண்டு வெடித்த ஆண்டுகளோடு கணக்கு பொருந்தியது. ஓர் அடர்ந்த பட்டையும் ஒரு லேசான பட்டையும் சேர்ந்தால் ஓராண்டு. 1972-ல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளிவந்தது.

நியூயார்க் பவளங்களின் வயதுக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. அது பவளத்திலிருந்து வரவில்லை. பவளம் வாழ்ந்த கடலின் அடியில் எரிமலைச் சாம்பலும் படிந்தது. அப்பலாச்சியன் பகுதி முழுவதும் டெவோனியன் அடுக்குகளுக்கு நடுவே டியோகா என்று பெயர் பெற்ற சாம்பல் அடுக்கு ஒன்று ஓடுகிறது. அதிலுள்ள மோனசைட் படிகங்களில் யுரேனியம் ஈயமாகச் சிதைந்த அளவைக் கணித்தால் 39 கோடி ஆண்டு வருகிறது. வெல்ஸ் எண்ணிய பவளங்கள் அந்தச் சாம்பலுக்கு அக்கம்பக்கத்து அடுக்குகளைச் சேர்ந்தவை. படிவப் பாறைகளின் வயது பெரும்பாலும் இப்படித்தான் தீர்மானமாகிறது. உயிரி நேரடியாகத் தன் வயதைச் சொல்வதில்லை, மேலும் கீழும் விழுந்த சாம்பல் சொல்கிறது.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. தென் ஆஸ்திரேலியாவில் எலடினா என்ற பாறைத்தொடரில், சுமார் 62 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓதம் ஏறி இறங்கியபோது படிந்த மெல்லிய மணல்-வண்டல் வரிகள் அப்படியே கல்லாகியிருக்கின்றன. அவற்றை ஆராய்ந்த ஜார்ஜ் வில்லியம்ஸ், அன்றைய ஆண்டுக்கு 400 நாள், கூடக்குறைய 7 என்று கணக்கிட்டார். டெவோனியனிலும் 400, அதற்கு 23 கோடி ஆண்டுகள் முந்தியும் 400 என்றால் பூமி இடையில் தளரவே இல்லையா? ஒருவர் எண்ணிக்கையில் பிழை இருக்கலாம். ஆனால் பிரேக் எப்போதும் ஒரே அழுத்தத்தில் இருந்தது என்று நினைத்ததும் பிழைதான். ஓதம் எவ்வளவு உராயும் என்பது கடல்களின் வடிவத்தைப் பொறுத்தது. கண்டங்கள் நகர்ந்தால் அதுவும் மாறும். சந்திரன் இன்றைய வேகத்திலேயே எப்போதும் விலகிவந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால், 150 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பூமியோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். சந்திரனுக்கோ வயது 450 கோடிக்கு அருகில். ஆகவே பழங்காலத்தில் உராய்வு இப்போதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. ஒரு பாறையின் நாள் எண்ணிக்கையைக் கொண்டு நேராக அதன் வயதைப் படிப்பது இதனால் இயலாத காரியம். மறுபக்கம், வயது தெரிந்த பாறையில் நாளை எண்ணினால் அன்றைய கடலின் உராய்வு தெரியும். வெல்ஸின் யோசனை இப்போது அந்தத் திசையில்தான் பயன்படுகிறது. ஓமனில் கிடைத்த, 7 கோடி ஆண்டு வயதுள்ள டோரைட்டஸ் என்ற சிப்பியின் ஓட்டை லேசர் கொண்டு அடுக்கடுக்காக ஆய்ந்து, டைனோசர்களின் கடைசிக் காலத்தில் ஆண்டுக்கு 372 நாள், நாளுக்கு இருபத்து மூன்றரை மணி என்று 2020-ல் அறிவித்தார்கள்.

இளம் பவளங்களின் கதை வேறு. அவற்றுக்குத் தங்கள் வயதைத் தாங்களே சொல்லத் தெரியும்.

யுரேனியம் கடல்நீரில் கரையும், தோரியம் கரையாது. நீரிலுள்ள துகள்களில் ஒட்டிக்கொண்டு அது அடியில் போய்விடும். ஆகவே பவளம் எலும்பு கட்டும்போது பத்து லட்சத்தில் மூன்று பங்கு அளவில் யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்கிறது. தோரியம் அநேகமாக உள்ளே நுழைவதே இல்லை. பிறகு அந்த யுரேனியம் சிதைந்து தோரியம்-230 உண்டாகத் தொடங்குகிறது. அதுவும் சிதையும், பாதியாகக் குறைய அதற்குச் சுமார் 75,600 ஆண்டு ஆகும். பவளத்தில் இன்று எவ்வளவு தோரியம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் அது எப்போது வாழ்ந்தது என்று தெரிந்துவிடும். ஐந்தாறு லட்சம் ஆண்டு ஆனதும் பிறப்பும் சிதைவும் சமமாகிவிடும், அதற்கு மேல் இந்தக் கடிகாரம் ஓடாது. டெவோனியனுக்கோ கல்லக்குடிக்கோ இது உதவாது என்பது அதனால்தான்.

இந்தக் கடிகாரத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த இடம் கரீபியன் தீவான பார்படோஸ். நிலம் மெல்ல உயர்ந்துகொண்டே இருக்கும் தீவு அது. கடல்மட்டம் உச்சத்துக்கு வந்து நின்ற ஒவ்வொரு முறையும் கரையில் ஒரு பவளத்திட்டு வளரும், கடல் இறங்கும், நிலம் அந்தத் திட்டைத் தூக்கிக்கொண்டு போகும். இப்படியே பல முறை நடந்ததில் தீவின் சரிவே பவளப் படிக்கட்டாகிவிட்டது. வாலஸ் புரோக்கரும் அவர் கூட்டாளிகளும் கீழ்ப்படிகள் மூன்றுக்கு 1968-ல் வயது கண்டார்கள்: ஏறத்தாழ 82 ஆயிரம், 1 லட்சத்து 5 ஆயிரம், 1 லட்சத்து 25 ஆயிரம் ஆண்டு. பூமியின் அச்சும் பாதையும் மெல்ல மாறுவதால் வடக்கில் விழும் வெயில் கூடிக் குறைகிறது, பனியுகங்கள் அதனால்தான் வந்து போகின்றன என்று செர்பியக் கணித அறிஞர் மிலுடின் மிலான்கோவிச் சொல்லியிருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு அதைப் பலரும் ஒதுக்கிவைத்திருந்தார்கள். பார்படோஸ் படிகளின் வயது அவர் கணக்கில் வெயில் உச்சம் தொட்ட காலங்களோடு ஒத்துப்போனது. மிலான்கோவிச் 1958-லேயே இறந்துவிட்டார்.

அந்த நாளில் தோரியத்தை அளக்க, அணுக்கள் சிதைந்து கதிரை வெளியிடும்வரை காத்திருந்து எண்ண வேண்டியிருந்தது. சிதையாமல் இருக்கும் அணுக்களையே நேராக எண்ணிவிட்டால் என்ன என்று 1980-களில் கால்டெக் ஆய்வகத்தில் முயன்றார்கள். லாரன்ஸ் எட்வர்ட்ஸ், சென், ஜெரால்ட் வாசர்பர்க் ஆகியோர் நிறை நிறமாலைமானியைக் கொண்டு அதைச் செய்துகாட்டியது 1987-ல். பவளத்தில் மிகச் சிறிய துண்டு போதும். பிழையும் பல மடங்கு சுருங்கிவிட்டது.

இப்படிக் கூர்மையான கடிகாரம், அதைவிடப் புகழ்பெற்ற இன்னொரு கடிகாரத்தின் குறையை வெளிப்படுத்தியது. பார்படோஸ் கரைக்கு அப்பால் கடலுக்கடியில் மூழ்கிக்கிடக்கும் திட்டுகளை ரிச்சர்ட் ஃபேர்பேங்க்ஸ் துளையிட்டு எடுத்திருந்தார். அவற்றில் அக்ரோபோரா பால்மாட்டா என்ற மான்கொம்புப் பவளம் இருந்தது. அது கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே மட்டுமே செழிக்கும். ஆகவே அதன் ஆழம் அன்றைய கடல்மட்டத்தைக் காட்டும்; பனியுகத்தின் உச்சத்தில் கடல் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது என்று 1989-ல் அவர் எழுதினார். அதே பவளங்களை எடுத்து எட்வார்ட் பார்டும் மற்றவர்களும் 1990-ல் யுரேனியம் வழியாகவும் கார்பன்-14 வழியாகவும் வயது பார்த்தார்கள். இரண்டும் ஒத்துவரவில்லை. 20 ஆயிரம் ஆண்டு வயதுள்ள பவளத்தைக் கார்பன் சுமார் 3,500 ஆண்டு இளையதாகக் காட்டியது. காற்றிலுள்ள கார்பன்-14-இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை என்பதே காரணம். அகழாய்வில் கிடைக்கும் கரித்துண்டுக்கு இன்று எந்த ஆய்வகம் வயது சொன்னாலும், அதைத் திருத்தும் அட்டவணைக்குள் இந்தப் பவளங்களின் எண்களும் அடங்கியிருக்கின்றன.

எல்லாப் பவளமும் இதற்கு லாயக்கில்லை. உயிருள்ளபோது பவளம் கட்டும் சுண்ணாம்பு அரகோனைட் என்ற வகை. மழைநீர் ஊறினால் அது கரைந்து கால்சைட்டாக மறுபடி படிகமாகும். அந்த மாற்றத்தில் யுரேனியம் நழுவிப்போகலாம், வெளியிலிருந்து புகவும் செய்யலாம். கடிகாரத்தில் யாரோ கைவைத்த மாதிரி ஆகிவிடும். எனவே ஆய்வாளர்கள் முதலில் எக்ஸ்ரே கொண்டு கால்சைட் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு யுரேனியத்தின் இரண்டு ஐசோடோப்புகளின் விகிதத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, பவளம் பிறந்தபோது அது கடல்நீரின் விகிதத்தோடு பொருந்தியிருந்ததா என்று சோதிக்கிறார்கள். பொருந்தாத துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கப்படும்.

மன்னார் வளைகுடாக் கரையிலும் நீரைவிட்டு மேலே வந்துவிட்ட பவளத்திட்டு இருக்கிறது. பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் இறந்த பவளங்கள் தாங்கள் வளர்ந்த நிலையிலேயே கரையில் நிற்கின்றன. டேவிட் ஸ்டாடர்ட்டும் கோபிநாத பிள்ளையும் 1972-ல் அவற்றை விவரித்தபோது கார்பன் முறையில் கிடைத்த வயது சுமார் 4,000 ஆண்டு. டெவோனியனோடு ஒப்பிட்டால் இது நேற்று. வயது தெரிந்ததோடு ஆராய்ச்சி முடிந்துவிடவும் இல்லை. பவளம் நீருக்கு மேலே நிற்கக் காரணம் கடல் இறங்கியதா, நிலம் ஏறியதா? ஒரே இடத்துப் பவளத்தை எத்தனை முறை அளந்தாலும் இதற்குப் பதில் வராது. இரண்டில் எது நடந்திருந்தாலும் கரையில் மிஞ்சுவது ஒரே மேடுதான். அதே வயதுப் பவளம் அக்கம்பக்கத்துக் கரைகளில், இலங்கையின் கரையில், இன்னும் தள்ளியிருக்கும் தீவுகளில் எந்த உயரத்தில் நிற்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். எங்கும் ஏறக்குறைய ஒரே உயரம் என்றால் இறங்கியது கடல். ஓரிடத்தில் மட்டும் தூக்கலாக இருந்தால் அங்கே நிலம் எழும்பியிருக்கிறது.